வன்தரையும் மென்னுடலும்

நியூயோர்க் நகரில் இரவு ஏழு மணிக்கு விளக்கொளியிலே ரெனிஸ் ஆட்டம் தொடங்கும்போது எமது நாட்டில் விடியற்காலை நாலரை மணி. மெல்பேணில் அதே ஏழு மணி எமக்குப் பிற்பகல் ஒன்றரை மணி. இவ்விரு கணக்குகளையும் மனனம் செய்து வைத்திருக்கும் பழைய மாணவர் பலரை நாம் அறிவோம். பாடநூலை மூடிவைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அமரும் இன்றைய மாணவரும் சிலர் உளர். அவர்களைக் கடிந்துகொள்வது எமது நோக்கமன்று. அவர்கள் கண்டு களிக்கும் அந்த நீலநிறத் தரையைப் பற்றியும், அத்தரைமேல் ஆண்டு முழுவதும் ஓடும் மனிதரைப் பற்றியும் எமது கருத்துச் சிலவற்றை இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ரெனிஸ் ஆட்டம் புற்றரை, செம்மண் தரை, வன்தரை என மூவகைத் தரைகளில் நிகழ்வது. வன்தரையாவது சீமெந்தினாலோ தாரினாலோ அமைத்த தளத்தின்மேல், மணல் கலந்த அக்கிரிலிக் வர்ணக் குழம்பைப் படைபடையாகப் பூசி ஆக்கப்படுவது. மணல் மிகுந்தால் பந்து தயங்கி எழும். குறைந்தால் வழுக்கி விரையும். புற்றரைக்கு நீர் வார்த்தல் வேண்டும். அளவறிந்து வெட்டுதல் வேண்டும். கால்பட்டுத் தேய்ந்த இடம் மீண்டும் தளிர்க்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். செம்மண் தரையை நாடோறும் வாரி, நனைத்து, சமன்செய்தல் வேண்டும். வன்தரையோ இத்தகைய பணிவிடை எதையும் வேண்டுவதில்லை. மழை விட்டபின் ஈரத்தை ஒற்றியெடுத்தால் ஆட்டம் தொடரும். காலையில் தொடங்கி நள்ளிரவு கடந்தும் அதன்மேல் ஆடலாம். அது களைப்பதில்லை, ஓய்வு கேட்பதில்லை. இந்த ஓர் இயல்பே அதனால் விளைந்த நன்மைக்கும் தீமைக்கும் வேராகும் என்பது எமது துணிபு.

முதலில் நன்மையைக் கூறுவோம். புற்றரையைப் பேணுதற்குச் செல்வமும் வேலையாட்களும் வேண்டும். ஆதலால் அது நெடுங்காலம் கழகங்களின் மதிலுக்குள்ளேயே இருந்தது. மதிலுக்கு வெளியே நின்றவர்க்கு இடமளித்தது பொதுப்பூங்காவின் வன்தரையே. மெக்சிக்கோவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோர்க்குப் பிறந்த பாஞ்சோ கொன்சாலஸ், தாயார் வாங்கிக்கொடுத்த விலைமலிந்த மட்டையுடன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பூங்காவொன்றிலே தாமாகவே பயின்று, 1948, 1949 ஆகிய ஈராண்டுகளிலும் அமெரிக்க வெற்றிவீரரானார். கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டிடம் ஒன்றின் காப்பாளருடைய மைந்தராகிய ஆதர் ஆஷ், ரிச்மண்ட் நகரில் அவ்விடத்திலேயே மட்டை பிடிக்கக் கற்று, 1968ஆம் ஆண்டு அமெரிக்கப் பட்டத்தை வென்றார். பில்லி ஜீன் கிங் லோங் பீச் நகரின் பொதுத் தரைகளிலும், வில்லியம்ஸ் சகோதரியர் கொம்ப்ரன் நகரின் பொதுத் தரைகளிலும் பயின்றவர்கள். 1978ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்போட்டி போரஸ்ட் ஹில்ஸ் கழகத்தைவிட்டு, பிளஷிங் மெடோஸ் என்னும் பொதுப்பூங்காவின் வன்தரைக்குப் பெயர்ந்தது. இன்று அவ்விடத்தின் தலைமை அரங்கு ஆதர் ஆஷின் பெயரையும், அவ்வளாகம் முழுவதும் பில்லி ஜீன் கிங்கின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. இவ்வாறு கதவைத் திறந்த தரையை இகழ்வார் நன்றி மறந்தவராவர்.

இனி, தொழின்முறைப் போட்டிகள் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1968இற்கு முன் பணம் பெற்று ஆடுவோர் பெரும் சுற்றுப்போட்டிகளில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் உடற்பயிற்சி மண்டபங்களில் கித்தான் விரித்து, ஊர் ஊராகச் சென்று ஆடினர். இரு சாராரும் ஒன்றாக ஆட அனுமதிக்கப்பட்ட முதற்போட்டி 1968 ஏப்பிரலில் இங்கிலாந்தின் போர்ண்மத் நகரில் நடந்தது. அதன் பெயரே பிரித்தானிய வன்தரைப் போட்டி என்பதாம். அக்காலத்து ஆங்கிலேயர் மண்பொடி பரப்பிய தரையையே வன்தரை என வழங்கினர். அங்கே கென் ரோஸ்வோல் றொட் லேவரை வென்று 1,000 பவுண் பெற்றார். அன்று ஆண்டின் நான்கு பெரும் போட்டிகளுள் மூன்று புற்றரையில் நிகழ்ந்தன. 1978இல் நியூயோர்க்கும், 1988இல் மெல்பேணும் இன்று நாமறிந்த வன்தரைக்கு மாறின. புல்லில் எஞ்சியது விம்பிள்டன் ஒன்றே.

இன்றைய ஆண்டு அட்டவணையைப் பார்ப்போர் வியப்படைவர். சனவரியில் அவுஸ்திரேலியா, பெப்ரவரியில் டோகா, துபாய், மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ், மயாமி. பின்னர் செம்மண்ணும் புல்லும் யூலை நடுப்பகுதிவரை. அதன்பின் மீண்டும் வன்தரை: வாஷிங்டன், கனடா, சின்சினாற்றி, நியூயோர்க், பீக்கிங், ஷங்காய், பாரிஸ், ஆடவர் பருவத்தின் முடிவிலே நவம்பரில் இத்தாலியின் தூரின். ஆடவர்க்குரிய இரண்டாம் படிப் பெரும்போட்டிகள் ஒன்பது. அவற்றுள் ஆறு வன்தரையில், மூன்று செம்மண்ணில் நிகழ்வன. புல்லில் ஒன்றேனும் இல்லை. புற்றரைப் பருவம் ஒருசில கிழமைகளில் முடிகின்றது; புல் அதற்குமேல் தாங்காது. புல்லே மனிதர்க்கும் ஓர் எல்லை வகுத்துக் கொடுத்தது. சீமெந்துக்கு அத்தகைய எல்லை இல்லை. ஆகவே தரை களைப்பதில்லை என்பதைக் கண்டவர்கள், ஆடுவோர் களைப்பர் என்பதை மறந்துவிட்டனர்.

2025ஆம் ஆண்டின் வன்தரைப் பருவமே இதற்குச் சான்று. விம்பிள்டன் முடிந்து இரு கிழமைகளில் கனடாப் போட்டி தொடங்கியது. முன்னர் ஒரு கிழமையளவில் முடிந்த அப்போட்டியும் சின்சினாற்றிப் போட்டியும் அவ்வாண்டு 12 நாட்களாக நீட்டப்பட்டன. நீட்டியதன் பயன் யாது? ஆடவருள் முதலிரு இடங்களில் நின்ற யானிக் சின்னரும் கார்லோஸ் அல்கராசும், நோவாக் ஜோக்கோவிச்சும், மகளிருள் முதலிடம் வகித்த அரினா சபலென்காவும் கனடாவுக்கு வரவில்லை. சின்சினாற்றி இறுதியாட்டத்தில் சின்னர் நோயுற்று, ஐந்து ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக இழந்து, 23 நிமிடங்களில் விலகினார். பெருந்தொகை கொடுத்து இருக்கை பெற்றவர்கள் கண்ட இறுதியாட்டம் அவ்வளவே. ஒக்டோபரில் ஷங்காயின் புழுக்கத்திலே அதே சின்னர் தசைப்பிடிப்பால் நடக்கவும் இயலாது வெளியேறினார். ஜோக்கோவிச் களத்திலேயே வாந்தியெடுத்தார். டென்மார்க்கின் இளைஞர் ஓல்கர் ரூன், ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் மடியவேண்டுமா என்னும் பொருள்பட வினவினார். அம்மாதமே ஸ்ரொக்ஹோம் நகரின் உள்ளரங்க வன்தரையில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. ஒன்றினால் மற்றொன்று விளைந்தது எனத் துணிந்து கூற நாம் மருத்துவரல்லோம். ஆயினும் ஓய்வின்றி ஓடும் குதிரைக்குக் கால் இடறுதல் புதுமையன்று.

வன்தரை உடலை வருத்தும் விதம் விளங்குதற்கரியதன்று. செம்மண்ணில் ஓடி நிற்கும்போது பாதம் சறுக்கிச் சென்று வேகத்தைத் தணிக்கும். புல்லின் கீழுள்ள மண் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். வன்தரையிலோ பாதம் பட்டென நிற்கும். உடலின் வேகம் முழுவதையும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் ஏற்கும். எமக்கு அண்மையிலுள்ள சென்னை நகரமே இதற்கொரு காட்சியைக் கண்டது. அங்கே 2017 வரை ஆண்டுத் தொடக்கத்தில் நடந்துவந்த வன்தரைப் போட்டியில், 2008ஆம் ஆண்டு அரையிறுதியில் ரபேல் நடால் தம் நாட்டவராகிய கார்லோஸ் மோயாவை ஏறத்தாழ நான்கு மணிநேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் மிக்காயில் யூஷ்னியிடம் அவர் பெற்றது ஒரே ஓர் ஆட்டம். 6-0, 6-1 எனத் தோற்றார். திறமை ஓரிரவில் மறைந்துவிடவில்லை, கால்களே மறுத்தன. 2012இல் மெல்பேண் இறுதியாட்டம் 5 மணி 53 நிமிடம் நீடித்தது. பரிசளிப்பின்போது நிற்க இயலாது தளர்ந்த நடாலுக்கும் ஜோக்கோவிச்சுக்கும் நாற்காலிகள் கொணர்ந்து இடப்பட்டன. 2018இல் அதே நகரில் காயமுற்று விலகிய நடால், இவ்வாறு வன்தரையில் தொடர்ந்து ஆடினால் பிற்கால வாழ்வில் உடல் என்னாகும் என்று கவலையுடன் பேசினார். அவர் செம்மண்ணின் வேந்தர், பக்கஞ்சார்ந்து பேசினார் என்பாரும் உளர். அங்ஙனமாயின், மெல்பேண் வன்தரையில் ஐந்து முறை இறுதியாட்டம் கண்ட அண்டி மறேயை நோக்குக. 2019இல் அவர் இடுப்பிலே உலோகம் பொருத்திக்கொண்டே ஆட்டத்தைத் தொடர நேர்ந்தது.

எமது கூற்றை மறுப்போர் கூறும் நியாயங்களையும் நாம் மறைத்தல் தகாது. கோடிக்கணக்கில் பொருளீட்டுவோர்க்கு இரக்கம் எதற்கு என்பர். 2025இல் நியூயோர்க்கில் வழங்கிய பரிசுத்தொகை முழுவதும் 90 மில்லியன் டொலர். ஒற்றையர் வெற்றியாளர் ஒவ்வொருவர்க்கும் 5 மில்லியன். களைத்தவர் வீட்டில் இருக்கலாமே என்பர். நீண்ட அட்டவணையைக் குறைகூறிய அல்கராஸ் 2024 ஒக்டோபரில் சவூதி அரேபியாவில் காட்சிப் போட்டி ஆடச் சென்றதையும் எடுத்துக்காட்டுவர். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஓய்வு வேண்டுமென்று கேட்பவர், கிடைத்த ஓய்வையும் விற்றுவிடுதல் அழகன்று.

ஆயினும் இந்நியாயம் முழுமையானதன்று. முதலாவது, மேற்கூறிய ஒன்பது போட்டிகளுள் மொந்தே கார்லோ தவிர்ந்த எட்டிலும் ஆடுதல் உயர்தர ஆட்டக்காரர்க்குக் கடமையாக விதிக்கப்பட்டுள்ளது. ஆடாதவர் தரவரிசைப் புள்ளிகளில் நட்டமடைவர். இரண்டாவது, செல்வர் சிலரைக் கண்டு ஏனையோரை மறத்தலாகாது. ஷங்காயில் அவ்வாண்டு பட்டம் வென்றவர் மொனாக்கோவைச் சேர்ந்த வலன்ரின் வஷெரோ. உலக வரிசையில் 204ஆம் இடத்தில் நின்று, தகுதிகாண் போட்டியாடி உட்புகுந்தவர். ஜோக்கோவிச்சை அரையிறுதியிலும், தம் உறவுச் சகோதரராகிய ஆதர் ரிண்டர்நெஷை இறுதியிலும் வென்றார். அவ்வொரு போட்டியிற் பெற்ற பணம் அதுவரை தம் ஆட்டவாழ்வு முழுவதிலும் ஈட்டியதினும் மிக்கது. இச்செய்தி எம்மை மகிழ்விக்கின்றது. அதேவேளை சிந்திக்கவும் வைக்கின்றது. இத்தகைய திறமையாளர், 26 வயதுவரை, விமானக் கட்டணத்துக்கும் பயிற்றுநர் கூலிக்கும் கணக்குப் பார்த்து ஊர் ஊராக ஓடவேண்டியிருந்ததன்றோ? அவரைப் போன்றார்க்கு ஒரு கிழமை ஓய்வு என்பது ஒரு கிழமை வருமானத்தை இழத்தலாகும். ஓய்வெடுக்கும் சுதந்திரம் எல்லார்க்கும் உண்டென்று கூறுவோர், அச்சுதந்திரத்தின் விலையைச் செலுத்த வல்லவர் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

ஓய்வினால் திறமை மழுங்கிவிடும் என்னும் அச்சமும் வீணானது. அமெரிக்க நங்கை அமாண்டா அனிசிமோவா உளச்சோர்வுற்று, 2023 மே மாதத்தில் ஆட்டத்தைவிட்டு விலகினார். பல மாதம் மட்டையைப் பாராதிருந்து 2024இன் தொடக்கத்தில் மீண்டார். 2025இல் டோகாவிலும் பீக்கிங்கிலும் வன்தரைப் பட்டங்களை வென்றார். விம்பிள்டனிலும் நியூயோர்க்கிலும் இறுதியாட்டத்தை எய்தினார். அன்று விலகாது பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருப்பாராயின் இவ்வெற்றிகள் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

ஆகவே எமது கருத்து இதுவாகும். வன்தரை இருக்கட்டும், இன்னும் பெருகட்டும், எளியவர் பிள்ளைகளை அது வரவேற்கட்டும். ஆனால் பருவத்துக்கு எல்லை வேண்டும். 12 நாட்களாக நீட்டிய போட்டிகளைப் பழையபடி ஒரு கிழமைக்குச் சுருக்குக. ஆண்டிறுதியில் இரு மாதம் எவரும் எங்கும் ஆடாத ஓய்வுக்காலம் வகுக்குக. அக்காலத்தில் காட்சிப் போட்டிகளுக்கும் கதவடைக்குக. மேலிடத்தார் பெறும் பரிசிலிருந்து ஒரு பகுதியைக் கீழ்ப்படியில் நிற்போர்க்குப் பகிர்ந்து, அவர்களும் ஓய்வெடுக்க வழிசெய்க. இவை நடவாத காரியங்கள் என்று கூறுதல் வேண்டா. மகளிர் சங்கம் பல ஆண்டுகளாகவே வெப்பத்துக்கென விதி வகுத்திருந்தது. ஷங்காய் நிகழ்ச்சியின்போது ஆடவர் சங்கத்துக்கு அத்தகைய வரையறுத்த விதி இருக்கவில்லை. அக்கூக்குரல் எழுந்தபின், 2026 முதல் தாமும் அவ்வாறான விதியைக் கைக்கொள்வதென ஆடவர் சங்கத்தார் தீர்மானித்தனர். மனமிருந்தால் மார்க்கமுண்டு.

எமது கல்லூரியிலே தவணை தோறும் விடுமுறை விடுவது ஆசிரியர் சோம்பேறிகள் என்பதனாலன்று. கற்றது மனத்தில் ஊன்றவும், மாணவன் வளரவும் இடைவெளி வேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது உணவுக்கு மட்டும் உரிய பழமொழியன்று. விடியற்காலை எழுந்து நியூயோர்க் ஆட்டத்தைக் கண்டு கைதட்டும் எம் அன்பர்கள், வெல்பவரின் வேகத்தை மட்டுமன்றி, அவர் பாதம் பதியும் தரையின் வன்மையையும் நினைவிற் கொள்வார்களாக. ஆட்டங்கள் குறைந்தாலும் ஆடுவோர் நலமுடன் நெடுங்காலம் ஆடுவதைக் காணும் பேறு எமக்கும் எமது பின்னோர்க்கும் கிட்டவேண்டும் என்பதே எமது விருப்பம்.