பயிற்சிச் செலவு தொழிலாளிக்கு, பலன் முதலாளிக்கா?

மைசூரு விஜயநகரை அடுத்த ஹெப்பாள், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளின் சரக்கு ஓட்டுநர்களின் உழைப்பில்தான் நகர்கிறது. அங்கே சிறு சரக்கு வண்டியைப் பல்லாண்டுகள் ஓட்டிய தொழிலாளி, டிரெய்லர் ஓட்டும் உரிமம் பெற முனைந்தால், அவரது அனுபவத்துக்கு மதிப்பில்லை. பணமும் நேரமுமே கேட்கப்படுகின்றன.

7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்துடன் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க உரிமத்தைக் காரணம் காட்டிவந்த காப்பீட்டு நிறுவனங்களின் வாதம் தோற்றது. அந்த எடைக்கு மேல் தனி உரிமம் வேண்டும்.

அது நியாயமே. டிரெய்லர் என்பது நீளமான லாரி மட்டும் அன்று. பின்னோக்கி எடுக்கையில் ஸ்டியரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் அதன் வால் போகும். ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தினால் இழுவை வண்டியும் டிரெய்லரும் கத்திரிபோல் மடங்கக்கூடும். ஆகவே பயிற்சி தேவையா என்பது கேள்வியன்று; அதன் செலவு யாருடையது என்பதே கேள்வி.

2019இல் எட்டாம் வகுப்புத் தகுதியை நீக்கி, ஏழைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஒன்றிய அரசு பெருமை பேசியது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம். அத்தகைய மையத்துக்குச் சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். இவ்வளவு முதலீடு செய்யும் தனியார், கட்டணத்தைத் தொழிலாளியிடமே வசூலிப்பார். நடை போனால்தான் படி என்று வாழும் குடும்பம் அந்த ஆறு வாரங்களை எப்படிக் கடக்கும்? ஒரு கதவைத் திறந்தவர்கள், வாசலில் பணப்பெட்டியை வைத்துவிட்டார்கள்!

உரிமமின்றி ஓட்டினால் தொழிலாளிக்கு அபராதம் 5,000 ரூபாய். ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் அதே 5,000. ஒருவருக்கு அது பல நாள் கூலி, மற்றவருக்குச் சில்லறை. இதுதான் இவர்களின் சமத்துவம்! ஓட்டுநர் பற்றாக்குறை என்று புலம்பும் சரக்குப் போக்குவரத்து முதலாளிகள், பயிற்சி பெற்ற கைகள் இலவசமாக வந்துசேர வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்துவந்துள்ளது. கர்நாடகத்திலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வாயிலாக டிரெய்லர் பயிற்சியைக் கட்டணமின்றி வழங்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை தர வேண்டும். அதற்கான நிதியைச் சரக்கு நிறுவனங்களிடம் தீர்வையாக வசூலிக்க வேண்டும். முன் அனுபவத்தைக் கணக்கில் கொண்டு பயிற்சி நேரத்தை வகுக்க வேண்டும்.

சாலைப் பாதுகாப்பு சமூகத்தின் தேவை. அதன் விலையைத் தனியொரு தொழிலாளியின் தலையில் கட்டுவதை ஓட்டுநர்கள் ஒன்றுபட்டு முறியடிக்க வேண்டும்.