அப்பா அம்மாவுக்கு கீசர் வாங்கும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் கடைசிவரை படியுங்கள்.

ஐப்பசி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "சார், ஊர்ல அப்பா அம்மாவுக்கு கீசர் வாங்கித் தரணும். எது நல்லது? இன்ஸ்டன்ட்டா, ஸ்டோரேஜா, கேஸா, சோலாரா?" கேட்பவர் பெங்களூரிலோ துபாயிலோ லண்டனிலோ இருப்பார். பெற்றோர் இங்கே கருங்குழியிலும் படாளத்திலும் மதுராந்தகத்திலும் தனியாக இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, நம்ம ஊரில், 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் போதும். மிச்சமாகும் பணத்தை எர்த்துக்கும் வயரிங்குக்கும் செலவு செய்யுங்கள். கேஸ் கீசரை மட்டும் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். ஏன் என்பதுதான் மீதிப் பதிவு.

நமக்கு எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கடைக்காரர் 25 லிட்டரைக் காட்டினால், "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று வாங்கிவிடுகிறோம். நம்ம ஊர் குளிர் என்ன குளிர்? வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து தங்கும் மாதங்கள்தான் நமக்கு வெந்நீர் மாதங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது.

எட்டாம் வகுப்புக் கணக்குதான். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கரண்ட் ஆகும். 2 கிலோவாட் கீசரில் சுமார் 17 நிமிஷம். அந்த 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீரை விளாவினால் 40 டிகிரியில் சுமார் 38 லிட்டர் கிடைக்கும். அதாவது இரண்டு வாளிக்கு மேல். இரண்டு பேர் குளிக்க இது போதாதா? தினமும் ஒரு தடவை போட்டால், இரண்டு மாத பில்லுக்குச் சுமார் 35 யூனிட் வரும். அவ்வளவுதான்.

ஸ்டார் எத்தனை என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த ஸ்டார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வெளியே போய் வீணாகிறது என்பதற்குத்தான். தண்ணீரைச் சூடாக்க ஆகும் கரண்ட் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிக்கும் முன் போட்டு, சூடானதும் அணைக்கிற வீட்டில் 5 ஸ்டாரின் லாபம் குறைவு. நாள் முழுக்கப் போட்டே வைக்கிற வீட்டில்தான் அதிகம்.

"இன்ஸ்டன்ட் விலை குறைவு சார், இடமும் அடைக்காது" என்பார்கள். உண்மைதான். ஆனால் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நம்ம ஊர்த் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால், நிமிஷத்துக்கு மூன்றே கால் லிட்டர்தான் தரும். ஒரு வாளி நிறைய ஐந்து நிமிஷம். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் அதன் சக்தி 61 சதவீதமாகிவிடும். வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துத்தான் சக்தி மாறும் என்று போர்டில் எழுதிப் போட்டேனே, அது இதற்குத்தான்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இன்ஸ்டன்ட்டில் வெந்நீர் வரவேண்டுமென்றால் நாம் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டோரேஜில் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கலாம். நாற்பது வருஷத்து வயரிங் உள்ள வீடுகளுக்கு இந்த ஒரு காரணமே போதும். ராடை வாளியில் போட்டுவிட்டு, சூடு பார்க்க விரலை விடுகிறவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ராடு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இருக்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. பாடத்தில் படித்த தற்காலிகக் கடினத்தன்மைதான். கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அது ஹீட்டர் காயிலின் மேல் போர்வை மாதிரி மூடிக்கொண்டால், கரண்ட் கூடும், காயில் போய்விடும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கீசரைத் திறந்து உப்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

சோலார் நல்லதுதான். மொட்டைமாடி சொந்தமாக இருந்து, நாலைந்து பேர் இருக்கும் வீடென்றால் போடுங்கள். ஆனால் நமக்கு மழையே வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஈரக்காற்றில் உடம்பு வெந்நீர் கேட்கும் நாளில் வானம் மூடிக்கிடக்கும். வெயில் கொளுத்தும் கோடையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும், கேட்க ஆள் இருக்காது. பெங்களூரில் வருஷம் முழுக்கப் பயன்படுகிற பொருள் இங்கே பாதி வருஷம்தான் பயன்படும். போடுவதென்றால் உப்புத் தண்ணீருக்கு ஏற்ற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகையைக் கேளுங்கள்.

இப்போது கேஸ் கீசர். இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது.

நம் தாத்தா காலத்து வெந்நீர் பாய்லர் ஞாபகம் இருக்கிறதா? செம்பு உருளை, நடுவில் புகைபோக்கி, அடியில் கரியோ விறகோ. அது இருந்தது கொல்லைப்புறத்தில். புகை வானத்துக்குப் போனது. கேஸ் கீசர் என்ன செய்கிறது? அதே நெருப்பைக் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்தி கதவைத் தாழ்ப்பாள் போட்ட நாலுக்கு ஆறு அடி அறைக்குள் வைக்கிறது.

நம் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும். ஒரு பங்கு பியூட்டேன் முழுவதும் எரிய ஆறரைப் பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்பதால், சுமார் 31 பங்கு காற்று வேண்டும். அந்தச் சின்ன அறையில் காற்று குறையக் குறைய, கார்பன் டை ஆக்சைடு வரவேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். அது நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் கசிந்தால் வாடை வரும், ஏனென்றால் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றும், கால் தளரும், கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. குளியலறையில் இப்படி இறந்தவர்களைப் பற்றி நம் நாட்டுப் பத்திரிகைகளில் குளிர்காலம்தோறும் செய்தி வருகிறது. "வென்டிலேட்டர் இருக்கே சார்" என்று சொல்லாதீர்கள். கொசு வருகிறது என்று அதை அட்டை வைத்து அடைப்பதும் நாம்தான்.

லண்டன் மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அங்கே பாய்லர் என்றால் குளிக்கவும் அதுதான், வீட்டைச் சூடாக்கவும் அதுதான். தொட்டி இல்லாத காம்பி பாய்லரா, தொட்டியோடு வருவதா என்று அவர்களும் நம்மைப் போலவே யோசிக்கிறார்கள். எத்தனை பேர், ஒரே நேரத்தில் எத்தனை குழாய் என்பதுதான் அங்கேயும் கேள்வி. ஆனால் இப்போது வரும் பாய்லர்கள் எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடும். பதிவு பெற்ற ஆள்தான் கேஸ் வேலையில் கை வைக்கலாம். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது வாடகை வீட்டுக்காரர்களின் கடமை. அத்தனை பாதுகாப்போடு வாழும் பிள்ளைகள், ஊரில் அம்மா குளிக்கும் அறைக்குள் கேஸ் அடுப்பை ஆன்லைனில் அனுப்பலாமா?

ஏற்கெனவே கேஸ் கீசர் இருந்தால், அதை வெளிச்சுவரில் திறந்த இடத்துக்கு மாற்றி, குழாய் வழியாக வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை வாளி நிறைந்ததும் அணைத்துவிட்டு, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, பிறகு குளிக்கச் சொல்லுங்கள்.

கருங்குழி என்றாலே வெளியூர்க்காரர்கள், "வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்த ஊரா?" என்று கேட்பார்கள். அது வடலூர் பக்கத்துக் கருங்குழி. நம் ஊரில் தண்ணீரும் கரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதே நல்லது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. கீசரின் அடியிலுள்ள பிரஷர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று யாராவது அதை அடைத்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அது அடைபட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் சூட்டை 50 டிகிரியில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாளிக்கு மேல் கிடைக்கும், அடுத்தவர் கால் மணி நேரம் காத்திருந்தால் ஆயிற்று. கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் என்று விளாவச் சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது புதுத் துணியோடு சேர்த்து ஒரு அரை மணி நேரமும் கொண்டுவாருங்கள். அப்பா அம்மாவின் குளியலறைக்குள் போய் எர்த், சுவிட்ச், வால்வு, ஜன்னல் நான்கையும் நீங்களே பாருங்கள். பிராண்ட் எது என்பது அதற்கு அப்புறம்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டவர்களும் கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார், கருங்குழி