மாற்றுச் சான்றிதழுக்கு அப்பால்

2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழகப் பள்ளிகளில் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஏற்கெனவே அந்தப் பழக்கத்தில் விழுந்துவிட்ட பையனும் அந்த வரிசையில் நின்றிருப்பான் அல்லவா? அவனுக்குச் சொல்ல நம் பள்ளிகளிடம் என்ன இருக்கிறது?

சேத்தியாத்தோப்பு போன்ற ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். சென்னை - கும்பகோணம் சாலையும் விருத்தாசலம் - சிதம்பரம் சாலையும் சந்திக்கும் இடம். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பேருந்தேறி வந்து படிக்கும் ஊர். இத்தகைய ஊரில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் போதையோடு பிடிபட்டால் எளிய வழியாகத் தோன்றுவது மாற்றுச் சான்றிதழ். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரைதான் பிள்ளைகளை வெளியேற்றத் தடை விதிக்கிறது. ஆபத்து மிகும் வயதில் அந்தக் காவல் விலகிவிடுகிறது.

இது சிலரின் துயரம் மட்டுமன்று. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுள்ளோரில் 1.17 விழுக்காடு.

சிகிச்சை நமக்குப் புதிதல்ல. சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியது 1980இல். ஆனால் சிகிச்சை முடிந்த பிள்ளை எங்கே போவான்? அதே பெஞ்சு, அதே கூட்டாளிகள், அதே பெட்டிக்கடை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்காவில் மீட்சிப் பள்ளிகள் எழுந்தன. மேரிலாந்தில் 1979இல் ஃபீனிக்ஸ் என்ற பொதுப்பள்ளி தொடங்கியது; மாசசூசெட்ஸ் மாநிலம் 2006 முதல் அரசு நிதியில் சிலவற்றைத் திறந்தது. சிறிய வகுப்புகள், வழக்கமான பாடங்கள், கூடவே ஆலோசகர், குழுவாக மனம்விட்டுப் பேசும் நேரம். சிகிச்சை பெற்ற மாணவர்களை ஆறு மாதம் கழித்துக் கண்ட, 2018இல் அச்சான ஆய்வொன்றில், மீட்சிப் பள்ளியில் படித்தோரில் 59 விழுக்காட்டினர் போதையை அறவே விட்டிருந்தனர். பிற பள்ளிகளில் படித்தோரில் 30 விழுக்காட்டினரே. நிதியும் மாணவர் எண்ணிக்கையும் குறைந்து மூடப்பட்ட மீட்சிப் பள்ளிகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

'குடிகாரப் பள்ளி' என்று ஊர் முத்திரை குத்திவிடாதா எனக் கேட்கலாம். நியாயமான அச்சம். அதனால்தான் ஊருக்கொன்று வேண்டாம், மாவட்டத்துக்கொன்று போதும் என்கிறேன். விடுதியோடு, வேறெந்த அரசுப் பள்ளியையும் போன்ற பெயர்ப்பலகையோடு, அதே பொதுத்தேர்வோடு. பீங்கான் தொழிலைக் கற்பிக்கவென்றே விருத்தாசலத்தில் ஒரு பயிலகம் அமைக்க முடிந்த அரசுக்கு இது இயலாத காரியமன்று.

உறுதிமொழி எடுக்கச் சொன்ன நாம், அதைக் காப்பாற்ற முடியாமல் போனவனுக்கு உட்கார ஓர் இடமும் தர வேண்டும்.