கடையை எத்தனை நாள் மூடுவது?

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வெளியூர் நகரமொன்றில் கட்டடப் பொருள் வியாபாரம் செய்பவர். அவரது களஞ்சியத்தில் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகள் சரிந்து விழுந்து, பத்து வருடங்களாக அவரிடம் வேலை செய்த ஊழியர் ஒருவர் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த அன்றிரவு அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “நானா, கடைய எத்தன நாளைக்கு மூடுற?”

அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிட வேண்டாம். அழுதுகொண்டுதான் கேட்டார். கொடுத்த காசோலைகள் திகதிக்கு வங்கிக்கு வந்தே தீரும். துறைமுகத்தில் கொள்கலன் நிற்கிறது. வியாபாரியின் துக்கம் இப்படித்தான் கணக்கோடு சேர்ந்து வரும். நான் “மூன்று நாள் மூடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இந்த வாரம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா. எமது கடைகளுக்கும் டிஸ்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அங்கே நடந்த விபத்தை அந்நாட்டு அரசாங்கத்தின் விசாரணையாளர்கள் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். எமது களஞ்சியங்களில் நடக்கும் விபத்துகளை அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே எழுதி வைத்த இடத்திலிருந்துதான் நாம் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

1971 இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் மொனோரெயில் என்ற மின்சார ரயில் ஓடுகிறது. உயரத்தில் அமைந்த ஒற்றைக் கொங்கிரீட் தூலத்தின் மேல் ஓடும் ரயில் அது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு நிறத்தின் பெயர். 38 வருடங்களாக அந்த ரயிலில் ஓர் உயிர்கூடப் பறிபோகவில்லை.

2009 ஜூலை 5 ஆம் திகதி அதிகாலை சுமார் இரண்டு மணி. முதல் நாள் ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். எமக்குப் பெருநாள் இரவு எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு அந்த இரவு. நாள் முழுவதும் கூட்டம். வாணவேடிக்கை முடிந்து, சனம் கலைந்து, ஊழியர்கள் களைத்துப்போய் ரயில்களைப் பணிமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். இளஞ்சிவப்பு ரயில் பின்னோக்கிச் சென்று வேறு தடத்துக்கு மாற வேண்டும். அதற்குத் தடம் மாற்றும் தூலம் முதலில் நகர்த்தப்பட வேண்டும். பணிமனையில் இருந்த ஊழியர் அதை உரிய நிலைக்கு மாற்றவில்லை. வழமையாகக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் அதிகாரி சுகவீனமுற்று வீடு சென்றிருந்தார். அவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற முகாமையாளர் அப்போது வெளியே ஓர் உணவகத்தில் இருந்தார். அங்கிருந்தபடியே ரேடியோவில் “பின்னால் வரலாம்” என்று அனுமதி கொடுத்தார். ரயிலின் சாரதி முன் கூண்டில் அமர்ந்தபடி ரயிலைப் பின்னோக்கி ஓட்டினார். பின்னால் என்ன நிற்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

அதே தடத்தில், நிலையத்தில் ஊதா ரயில் நின்றது. அதன் சாரதி 21 வயது இளைஞர். தம்மை நோக்கி ஒரு ரயில் வருவதைக் கண்டு, தமது ரயிலைப் பின்னுக்கு எடுக்க முயன்றார். நேரம் போதவில்லை. அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது. ரயிலில் இருந்த சில பயணிகள் பெரிய காயமின்றித் தப்பினார்கள்.

மறுநாள் ஜூலை 6 ஆம் திகதி, புதிய உணர்கருவிகளுடனும் புதிய நடைமுறைகளுடனும் சேவை மீண்டும் ஆரம்பமானது. ஆக, எனது நண்பரின் கேள்விக்கு டிஸ்னி சொன்ன பதில் ஒரு நாள். இதைக் குறை கூறவும் தேவையில்லை, புகழவும் தேவையில்லை. பல்லாயிரம் பேர் வந்துபோகும் இடம் அது. ஆனால் அந்த ரயில்களை ஓட்டிய மற்ற சாரதிகளை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை கூட வேலை செய்தவன் இறந்த நிலையத்துக்குள் இன்று ரயிலைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வரும் சிறுவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும். அந்தக் கம்பனியில் ஊழியர்களை ஊழியர் என்றே அழைப்பதில்லை, நடிகர் குழுவினர் என்றுதான் அழைப்பார்கள். சிரிப்பும் அங்கே வேலையின் ஒரு பகுதி.

எமது கடைப் பையன்களும் அப்படித்தானே? மனதில் என்ன இருந்தாலும் வாடிக்கையாளரின் முன் முகம் மலர வேண்டும் என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம்.

அந்த விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011 ஒக்டோபரில் தனது முடிவை வெளியிட்டது. தூலத்தைச் சரியான நிலையில் வைக்காதது பணிமனை ஊழியரின் தவறு, அதை உறுதிப்படுத்தாமல் அனுமதி கொடுத்தது முகாமையாளரின் தவறு என்று அது கூறியது. அதோடு நிறுத்தவில்லை. ரயிலைப் பின்னோக்கி எடுப்பதற்கு ஒழுங்கான எழுத்து நடைமுறை எதுவும் கம்பனியிடம் இருக்கவில்லை, அதனால் ஆபத்தான ஒரு பழக்கம் வளர்ந்துவிட்டது, அதுவும் விபத்துக்குக் காரணம் என்றது.

வியாபாரிகளே, இந்தக் கடைசி வரியைத்தான் நான் பல தடவை வாசித்தேன். ஒரே இரவில் ஒரு பழக்கம் வளராது. நேற்றும் அப்படிச் செய்தார்கள், அதற்கு முன்தினமும் செய்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதவரை அதற்குப் பெயர் “கெட்டித்தனம்”. நடந்த பிறகு அதற்குப் பெயர் “கவனயீனம்”. அந்தப் பெயரைச் சுமப்பவர் அன்று வேலையில் நின்ற கடைசி ஊழியர். அவரும் இறந்தவரின் நண்பர்தான். துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல யாரும் நெருங்காத ஆள் அவர் ஒருவர்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. 1990 களின் நடுப்பகுதியில் எனது கடையின் மேல்தட்டிலிருந்து பொருள் இறக்கும்போது ஏணி முறிந்து ஊழியர் ஒருவர் விழுந்தார். பன்னிரண்டாவது நாள் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவன் 19 வயதுப் பையன். “பிடித்தவன் ஒழுங்காகப் பிடிக்கவில்லை” என்று கடையில் பேச்சு வந்தது. நான் அதை மறுக்கவில்லை. மறுக்காதது எனக்கு வசதியாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பையன் சம்பளப் பாக்கியைக்கூடக் கேட்காமல் போய்விட்டான். நான் புது ஏணி ஒன்று வாங்கி வைத்தேன். யாரிடமும் எதுவும் பேசவில்லை.

இருபது வருடங்களுக்குப் பின் ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கண்டேன். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். சலாம் சொன்னார், நலம் விசாரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்த ஏணியப் பத்தி ரெண்டு தரம் ஒங்கள்ட சொன்னன் தானே மொதலாளி.” உண்மைதான். கம்பி சுற்றிக் கட்டிய படி அது. சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்று விட்டிருந்தேன். இருபது வருடம் அவர் சுமந்தது எனது தவறை.

ஊழியர்களின் துக்கத்தைக் கவனிக்காவிட்டால் வியாபாரத்துக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இன்னோர் உதாரணம். அதே புளோரிடாவில் சீவேர்ல்ட் என்ற பூங்காவில் 2010 பெப்ரவரி 24 ஆம் திகதி, 40 வயதுப் பெண் பயிற்சியாளர் ஒருவரை ஓர்கா திமிங்கிலம் நீருக்குள் இழுத்துக் கொன்றது. 1991 இல் கனடாவில் ஒரு பயிற்சியாளரின் மரணத்தில் சம்பந்தப்பட்ட அதே திமிங்கிலம் அது. மூன்று நாளில் காட்சிகள் மீண்டும் ஆரம்பமாகின. தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் 75,000 டொலர் தண்டப்பணம் விதித்தார்கள். பின்னர் அது 12,000 டொலராகக் குறைக்கப்பட்டது. அந்தக் கம்பனிக்கு அது ஒரு காசே அல்ல. ஆனால் பயிற்சியாளர்களைத் திமிங்கிலத்திடமிருந்து தள்ளி வைத்தால் காட்சியின் கவர்ச்சி போய்விடும் என்பதால் வழக்காடியது. 2014 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

இதற்கிடையில் 2013 இல் ஒரு விவரணப் படம் வெளியானது. அங்கே வேலை செய்த முன்னாள் பயிற்சியாளர்களே அதில் வந்து பேசினார்கள். இறந்தவரைப் பற்றியும், அந்தத் திமிங்கிலத்தைப் பற்றியும், தமக்குச் சொல்லப்படாமல் மறைக்கப்பட்டவை பற்றியும் பேசினார்கள். உலகம் கேட்டது. அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் அந்தக் கம்பனியின் பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. 2016 இல் ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாகக் கம்பனியே அறிவித்தது. வேலைத்தலத்துக்குள் பேச இடம் கிடைக்காத துக்கம் ஒருநாள் வெளியே போய்ப் பேசும். அப்போது அதன் விலையை எந்தக் கணக்காளரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆகவே நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவை இவைதான்.

முதலாவது, நாளை எண்ணாதீர்கள். என்ன நடந்தது என்பதை முதலாளியே ஊழியர்களைக் கூட்டிச் சொல்லும்வரை கடையைத் திறக்காதீர்கள். அது ஒரு நாளிலும் முடியலாம், ஐந்து நாளும் ஆகலாம். உங்கள் தவறு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும். உங்கள் வாயால் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, “இந்தக் களஞ்சியத்தில் நாங்கள் பயந்து பயந்து செய்யும் வேலை எது?” என்று அவர்களிடம் கேளுங்கள். ஒருவர் இறந்த வாரத்தில் கேட்டால் உண்மையான பதில் வரும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் “ஒன்றுமில்லை முதலாளி” என்பார்கள். சொன்னதில் ஒன்றையாவது கடை திறக்குமுன் மாற்றிக் காட்டுங்கள். டிஸ்னி ரயிலின் முன் கூண்டில் சாரதியோடு அமர்ந்து செல்வதைப் பயணிகள் பெரிதும் விரும்பினார்கள். விபத்துக்குப் பின் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. மாற்றம் என்றால் வியாபாரத்தில் ஏதாவது ஒன்றை இழக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, தவறு செய்தவர் என்று சுட்டப்படும் ஊழியரைத் தனியே விடாதீர்கள். தண்டிக்க வேண்டியிருந்தால் விசாரித்துச் செய்யுங்கள். கடைப் பேச்சுக்கு அவரை இரையாக்கிவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது அநியாயம்.

நான்காவது, குடும்பத்துக்குப் போகும் பணம். எமது நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வேலையின்போது ஏற்படும் விபத்தில் ஊழியர் இறந்தால் அவரில் தங்கியிருப்போருக்கு நட்டஈடு கொடுப்பது முதலாளியின் கடமை. அதை ஆணையாளர் ஊடாகவே கொடுக்க வேண்டும். நாம் அன்பளிப்பாகக் கொடுப்பதும் மாதாமாதம் அனுப்பும் அரிசிப் பையும் நல்லவைதான். ஆனால் அவை அந்தக் கடனைத் தீர்க்காது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை அந்தப் பெண் தருமமாக வாங்கும்படி வைத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, இறந்தவரின் பெயரைக் கடையில் பேச விடுங்கள். அவர் அமர்ந்த இடத்தையும் செய்த வேலையையும் மறுநாளே ஒருவருக்கு மாற்றிக் கொடுத்து, ஒன்றுமே நடக்காதது போல் இருக்காதீர்கள். அந்த மொனோரெயிலில் ஊதா, இளஞ்சிவப்பு என்ற இரண்டு பெயர்களும் அதற்குப் பிறகு எந்த ரயிலுக்கும் வைக்கப்படவில்லை. சேதமடையாத பெட்டிகளைக் கொண்டு அமைத்த ரயில்களுக்கு வேறு நிறங்களின் பெயர்கள் இடப்பட்டன. அதற்காகக் கம்பனி பெரிதாக எதையும் செலவு செய்யவில்லை. ஆனால் அங்கே வேலை செய்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

இதையெல்லாம் பிறகு நண்பரிடம் சொன்னேன். அவர் நான்காம் நாளே கடையைத் திறந்திருந்தார். டைல்ஸ் இருந்த பக்கத்துக்கு ஊழியர்கள் தனியே போக மறுக்கிறார்கள் என்றார். “நீங்கள் போய் அவர்களோடு நில்லுங்கள்” என்றேன். போனார். அன்று மாலை எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசினாராம். அடுக்குகளைப் பிரித்து நெஞ்சளவுக்கு மேல் அடுக்குவதில்லை என்று முடிவு செய்தார்களாம். இடம் போதாமல் இப்போது பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார். மாத வாடகை கொஞ்சம் கூடத்தான் என்று குறைப்பட்டார். அந்த வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

களஞ்சியச் செலவில் எழுதுங்கள் என்றேன். விபத்துக்கு முன்பே அதில் எழுதியிருக்க வேண்டிய செலவு அது. இதை வாசிக்கும் நீங்களும் இன்று கடை சாத்துமுன் ஒரு தடவை உங்கள் களஞ்சியத்துக்குள் போய், அடுக்குகளையும் ஏணியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.