மூடிய கதவும் மூடிய புட்டியும்

எங்கள் தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். கருவறைக் கதவு திறப்பதில்லை. அடைத்த கதவுக்குத்தான் மாலை. அடைத்த கதவுக்குத்தான் தீபாராதனை. உள்ளே இருப்பதைக் கண்ணால் காணாமலே கும்பிட்டுவிட்டு வருகிறோம். எனக்கு இதில் ஆட்சேபம் ஏதும் கிடையாது. தெய்வம் நம்மிடம் விலைச்சீட்டு நீட்டுவதில்லை.

ஆனால், மருந்துப் புட்டியையும் இதே மாதிரி கும்பிட்டுவிட்டுப் போ என்று வியாபாரி சொன்னால், அங்கே எனக்கு ஆட்சேபம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அத்தான் காலமான பிறகு, நாலு ஏக்கர் மாந்தோப்பின் குத்தகைப் பணத்தில் காலம் தள்ளுகிறாள். இரண்டு முழங்காலிலும் வலி. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் அவள் மகன், அம்மாவின் வலிக்கென்று மூன்று புட்டிகளைத் தபாலில் அனுப்பியிருந்தான். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயாம். போதை தராதாம், வலியை மட்டும் போக்குமாம். கன்னாபிடியால் என்பது அதற்குள் இருக்கும் சரக்கின் பெயர். சி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள்.

"ஏந்தம்பி, இது எம்புட்டு வெலை?" என்று கேட்டாள் அக்கா.

விலையைச் சொன்னேன். அவள் புட்டியை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டாள். பிறகு, "பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கான். வீணாக்கக் கூடாது" என்றாள். ஏழைகளும் நடுத்தர ஜனங்களும் விலை உயர்ந்த மருந்தைச் சாப்பிடும் காரணங்களில் பாதி இதுதான்: வீணாக்கக் கூடாது.

நான் கல்லூரியை இரண்டாவது வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். விஞ்ஞானம் எனக்கு வராது. வகுத்தல் கணக்கு வரும். அதைப் போட்டுப் பார்த்தேன்.

பெரிய புட்டி 30 மில்லி. உள்ளே 1000 மில்லிகிராம் கன்னாபிடியால் என்று சீட்டு சொல்லுகிறது. விலை 3,600 ரூபாய். ஆக, மில்லிகிராம் மூன்று ரூபாய் அறுபது காசு.

சின்னப் புட்டி 10 மில்லி, 1,500 ரூபாய். கைக்கு அடக்கமான விலை என்று தோன்றும். ஆனால் அதன் சீட்டில் "இலைச் சாறு 300 மில்லிகிராம்" என்றுதான் இருக்கிறது. அந்தச் சாறு முழுவதும் கன்னாபிடியால் என்று வைத்துக்கொண்டாலே மில்லிகிராம் ஐந்து ரூபாய். அப்படி வைத்துக்கொள்ளவும் முடியாது. கரும்புச் சாறு முழுவதும் சர்க்கரையா? எங்கள் பக்கத்து ஆலைக்கொட்டகைச் சிறுவனைக் கேட்டால் சிரிப்பான்.

மூன்றாவது புட்டி 100 மில்லி, 500 ரூபாய். மூன்றிலும் மலிவு இதுதான் என்று அக்கா அதைத்தான் கையில் எடுத்தாள். இது கஞ்சா விதையைச் செக்கிலிட்டு எடுத்த எண்ணெய். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021ஆம் வருஷம் இந்த விதையையும் எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்தபோது ஒரு வரம்பு வைத்தது: ஒரு கிலோவில் கன்னாபிடியால் 75 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் இந்த 100 மில்லியில் எல்லாம் சேர்ந்து ஏழு மில்லிகிராம் இருந்தால் அதிகம். மில்லிகிராம் எழுபது ரூபாய்க்கு மேல் விழுகிறது! மலிவான புட்டிதான் மூன்றிலும் கொள்ளை விலை. உணவெண்ணெய் என்று பார்த்தால் நல்ல எண்ணெய்தான்; மறுக்கவில்லை. அதற்கு நம் செக்கு நல்லெண்ணெய் எந்த விதத்தில் குறைந்து போயிற்று?

சீட்டில் எழுதியிருப்பது நிஜம் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. அந்த நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. 2017ஆம் வருஷம் அமெரிக்காவில் இணையக் கடைகளில் விற்ற 84 சரக்குகளை வாங்கிச் சோதித்து, அந்த முடிவை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சீட்டும் சரக்கும் ஒத்திருந்தவை நூற்றுக்கு 31. சீட்டில் சொன்னதைவிடக் குறைவாக இருந்தவை 26. மிச்சமிருந்த 43இல் சொன்னதைவிட அதிகம். போதை தரும் பொருளே 18 சரக்குகளில் தென்பட்டது. எங்கள் ஊர்ச் சந்தையில் தராசில் இத்தனை வித்தியாசம் காட்டினால் கடைக்காரன் வீடு போய்ச் சேரமாட்டான்.

கன்னாபிடியாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018ஆம் வருஷம் இதே பொருளை, சுத்தமாகப் பிரித்தெடுத்த மருந்தாக, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு அங்கீகரித்தது. வலிப்பில் துடிக்கும் குழந்தையின் தாய்க்கு அது அமிர்தம். ஆனால் அங்கே கொடுக்கும் அளவு என்ன? உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. என் அக்காவின் எடை அறுபது கிலோ. அந்தக் கணக்கில் 600 மில்லிகிராம். பெரிய புட்டி இரண்டு நாளைக்குக் காணாது. இவர்கள் எழுதியிருப்பதோ காலையில் ஐந்து சொட்டு, மாலையில் ஐந்து சொட்டு. சுமார் 17 மில்லிகிராம்.

வலிப்புக்குச் சொன்ன அளவை முழங்காலுக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லக் கூடாது, வாஸ்தவம். அப்படியானால் வலிப்பில் வாங்கிய நற்பெயரையும் முழங்காலுக்குக் கொண்டுவரக் கூடாது அல்லவா? முழங்காலைத் தனியாகவே பார்ப்போம். வலிக்காகக் கன்னாபிடியால் கொடுத்துப் பார்த்த 16 பரிசோதனைகளை இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தாரும் மற்றவர்களும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். 15இல் இந்த மருந்து, மருந்தே இல்லாத போலிச் சரக்கைவிட அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு பக்கம், பிரிட்டிஷ் உணவுத் தர நிர்வாகம் 2023ஆம் வருஷம், ஆரோக்கியமாக இருப்பவர்களே நாளைக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. ஆக, அக்காவின் பத்துச் சொட்டு மருந்தாகவும் ஆகவில்லை. எச்சரிக்கைக் கோட்டையும் தாண்டிவிட்டது.

மருமகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன்.

"மாமா, இது நம்ம சித்தர்கள் சொன்ன மூலிகை. நீங்களே குறை சொல்லலாமா?" என்றான்.

சித்தர்கள் கஞ்சாவை மருந்தாகக் கையாண்டது மெய். சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு கூட்டி, பத்தியம் சொல்லிக் கொடுத்தார்கள். கன்னாபிடியாலைத் தனியே பிரித்தவர் ரோஜர் ஆடம்ஸ் என்ற அமெரிக்க ரசாயனி, 1940ஆம் வருஷம். விளம்பரத்தில் சித்தர் படம், விலையில் அமெரிக்க ரசாயனம் என்று இரண்டு பக்கமும் லாபம் பார்க்கக் கூடாது. தவிரவும், நம் மருந்துச் சட்டம் கஞ்சாவை, வைத்தியர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டிய சரக்குகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

"வைத்தியர் பார்த்தாரா?"

"தொலைபேசியில் பேசினார் மாமா. அஞ்சு நிமிஷம்."

"அம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டாரா?"

பதில் இல்லை.

என் அக்கா இதய வால்வுக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவள். கன்னாபிடியால் அந்த மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடக்கூடும் என்பது வைத்தியர்கள் அறிந்த சங்கதி. மூன்று வாரச் சொட்டுக்குப் பிறகு தேனிக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்த்தபோது கணக்கு ஏறியிருந்தது. டாக்டர் புட்டியின் சீட்டைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. காரணம் இதுதான் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. நிறுத்தச் சொன்னார்; நிறுத்தினோம்; அடுத்த பரிசோதனையில் கணக்கு இறங்கியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவள் தோப்பில் தடுக்கி விழுந்திருந்தால்? அதற்கு மில்லிகிராம் எவ்வளவு என்று யார் வகுத்துச் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு என்றாலே வெளியூரில் சிலர் கண்ணைச் சிமிட்டுகிறார்கள். மலையடிவாரத்துப் பையன்கள் யாரோ கொடுத்த மூட்டையைச் சுமந்து அகப்பட்டுக்கொள்கிறார்கள். 1985ஆம் வருஷத்துச் சட்டப்படி பூவும் காயுமான நுனிதான் கஞ்சா. இருபது கிலோவுக்கு மேல் இருந்தால் குறைந்தது பத்து வருஷம் சிறை. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அந்த இடுக்கில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரே செடியின் நுனியை மூட்டையில் சுமந்தவனுக்கு நிறுவையும் கணக்கும் கிராம் சுத்தமாக இருக்கின்றன. இலையைப் புட்டியில் அடைத்தவனிடம் மட்டும் ஏன் அந்தக் கணக்கைக் கேட்கக் கூடாது?

பருப்புப் பொட்டலத்தில் கிராம் என்ன விலை என்று அச்சிடச் சட்டம் இருக்கிறது. இந்தப் புட்டிகளில் கன்னாபிடியால் மில்லிகிராம் என்ன விலை என்று கொட்டை எழுத்தில் அச்சிடட்டும். எந்தச் சோதனைச்சாலை அதே தொகுதிச் சரக்கைச் சோதித்தது என்று சொல்லட்டும். எந்த நோய்க்கு நிரூபணம் உண்டு, எதற்கு இல்லை, எந்த மாத்திரையோடு சேராது என்றும் எழுதட்டும். அப்புறம் யார் வாங்கினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

கடைசியாக ஒரு விஷயம். சொட்டு விட்ட நாட்களில் வலி குறைந்திருந்தது என்று அக்கா சாதிக்கிறாள். அவள் பொய் சொல்லுகிறவள் அல்ல. நான் விசாரித்துப் பார்த்தேன். முன்பு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிற மகன், அந்த மூன்று வாரமும் தினம் இரண்டு வேளை கூப்பிட்டு, "அம்மா, சொட்டுப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்டிருக்கிறான். புட்டிகளைத் திருப்பி அனுப்பியபோது அவனுக்கு ஒரு வரி எழுதினேன்: "மாப்பிள்ளை, எண்ணெயை நிறுத்தியாயிற்று. தொலைபேசியை நிறுத்திவிடாதே."