‘உனக்கெதுக்குடா இதெல்லாம்?’

விடியற்காலை ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். இருட்டிலேயே பையன்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் ஓரமாக நின்று செல்போனில் நேரம் பார்த்துக் கத்துவான். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். முடித்தால் வீட்டுக்கு ஒரு அரசுச் சம்பளம். அவர்களைப் பார்த்து ‘எதுக்குடா ஓடுற?’ என்று யாரும் கேட்பதில்லை.

அவர்களில் ஒருவன் தேர்வெல்லாம் முடிந்த பிறகும் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குப் பின்னாலுள்ள கரட்டில் ஏறி, ஆட்டுத்தடத்தில் இறங்கி, மூச்சு வாங்க வந்து நின்று, ‘சும்மாதான், பிடிச்சிருக்கு’ என்கிறான். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வரும்: ‘உனக்கெதுக்குடா இதெல்லாம்?’

நகரத்தில் இதற்கு டிரெயில் ரன்னிங் என்று பெயர். தார்ச்சாலையை விட்டு மலைப்பாதையிலும் காட்டுத்தடத்திலும் ஓடுவது. அதற்கென்று நுழைவுக் கட்டணம், பிடிமானமுள்ள ஷூ, முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் உண்டு. அங்கே ஓடுகிறவரை ‘பேஷன் உள்ளவர்’ என்பார்கள். நம் பையனை வேலைவெட்டி இல்லாதவன் என்பார்கள். இருவரும் ஏறுவது ஒரே மாதிரி மலைதான்.

ஓட்டம் ஒரு உதாரணம்தான். பறவை பார்ப்பவன், பழைய ரேடியோவைப் பிரித்துப் போடுபவன், சதுரங்கப் புதிர்களோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவள், விண்கல் மழை பார்க்க மொட்டைமாடியில் படுப்பவள், எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான். கல்லூரியில் நமக்கு ‘படிப்ஸ்’, ‘பழம்’, ‘கிறுக்கு’ என்று பட்டம் வைப்பார்கள். அந்தப் பட்டங்களை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். ஆனால் அந்தக் கேள்வியை ஏற்க முடியாது.

கேள்வி மூன்று வாய்களிலிருந்து வருகிறது. ஆதிக்கசாதிக்காரர் கேட்பது நமக்குப் புதிதல்ல. வீட்டில் அம்மா கேட்பது பயத்தில். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளை ஒரு தேர்வில் தோற்றால் தாங்கிப் பிடிக்க நம்மிடம் அப்பாவின் நிலமும் இல்லை, மாமாவின் கம்பெனியும் இல்லை. அந்தப் பயத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். அதுவும் பிள்ளை பெண்ணாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. தம்பி மைதானத்துக்குப் போகும் நேரத்தில் அவள் குழாயடியில் நின்றாக வேண்டும்.

நம்மை அதிகம் நோகடிப்பது மூன்றாவது வாய். அது நம் தோழர்களுடையது. ‘வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலக்கிறார்கள், நீ குருவி பார்த்துக்கொண்டிருக்கிறாயா தோழர்?’ இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. போராட வேண்டிய நாளில் போராட்டத்துக்கு வராதவருக்காக நாம் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் போராடுகிறவருக்கு வேறு ஆசையே இருக்கக்கூடாது என்பதை ஏற்க மாட்டோம். அண்ணலும் அப்படி நினைக்கவில்லை.

1945இல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன?’ என்ற நூலில் அண்ணல் அம்பேத்கர் காந்தியத்தின் இயந்திர எதிர்ப்பைப் பிய்த்துப் போடுகிறார். அங்கே அவர் வைக்கும் வாதம் ஓய்வைப் பற்றியது. விலங்கு உயிர் வாழ்ந்தால் போதும், மனிதருக்குப் பண்பாடு வேண்டும். பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். உடலுழைப்பைக் குறைத்து அந்த ஓய்வைத் தருவது இயந்திரம். ஜனநாயகச் சமூகம் என்றால் ஓய்வும் பண்பாடும் உள்ள வாழ்வை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்ய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஓய்வு சிலருக்கும் உழைப்பு மற்றவருக்கும் என்று பிரித்து வைத்ததுதான் சாதி. அந்தப் பிரிவினையை உடைப்பது போராட்டத்துக்கு வெளியே உள்ள வேலையா?

அவர் சொன்னதோடு நிற்கவில்லை, வாழ்ந்தும் காட்டினார். நியூயார்க்கில் மாணவராக இருந்தபோது பழைய புத்தகக் கடைகளில் வாங்கிக் குவித்தவர். 1917இல் அவர் புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் டார்பிடோ தாக்குதலில் மூழ்கியது. அதன் பிறகும் வாங்குவதை விடவில்லை. தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களை மனதில் வைத்தே கட்டினார். பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார், படம் வரையவும் பழகினார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கு வயலின் எதற்கு? எதற்கும் இல்லை. பிடித்திருந்தது.

‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில், 1936லேயே, சாதி வேலையைப் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களைப் பிரிக்கிறது என்றார். ஒருவருடைய விருப்பத்துக்கோ திறமைக்கோ அதில் இடமில்லை, பிறப்பே தீர்மானிக்கிறது. அப்படியானால் பிறப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்து, கூலியில்லாமல், கட்டாயமில்லாமல் நேசிப்பது என்ன? சாதி நமக்கு எழுதிவைத்ததை மீறுவதுதான்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள் நம் தாத்தாக்கள். பல ஊர்களில் நம் இளைஞர்கள் பறையைத் தொடவே மாட்டோம் என்றார்கள். அதுவும் சரியான போராட்டமே. இன்று அதே பறையை நெருப்பில் காய்ச்சி, இரண்டு குச்சிகளைக் கையில் எடுத்து, பெண்களும் பிள்ளைகளும் மேடையேறி அடிக்கிறார்கள். கருவி அதேதான். இன்று அடிப்பவர் ‘முடியாது’ என்று சொல்லலாம், அன்று சொல்ல முடியாது. ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையோடு செய்கிற உழைப்புக்குத்தான் விருப்பம் என்று பெயர். நம்மவர்களுக்கு மறுக்கப்பட்டது அந்த உரிமை.

பறவையும் அப்படியே. ஆள்காட்டி எங்கே முட்டையிடும், செம்போத்து எந்தப் புதரில் அடையும் என்று நம் ஆயாக்களுக்குத் தெரியும். நாற்று நட்டுக்கொண்டே, ஆடு மேய்த்துக்கொண்டே கற்றது. அதை யாரும் அறிவு என்று எழுதிக்கொள்ளவில்லை. பைனாகுலரோடு காரில் வந்து இறங்கியவர் குறித்துக்கொண்டால்தான் அறிவு. நம் பிள்ளை பறவை பார்க்கப் போனால் அடுத்தவர் வீட்டுப் பழக்கத்தைக் காப்பியடிக்கப் போகவில்லை. ஆயா விட்ட இடத்திலிருந்து தொடரப் போகிறது.

‘சரி, ஓடு, ஆனால் மெடல் வாங்கி வா’ என்று இன்னொரு பொறியும் இருக்கிறது. 2014 மே 25 அன்று, பதின்மூன்று வயது மாலாவத் பூர்ணா என்ற பழங்குடிப் பெண் எவரெஸ்ட் ஏறினார். உடன் ஏறிய ஆனந்த் குமார் தலித் மாணவர். இருவரும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சமூக நல உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். அரசு விடுதிப் பிள்ளைகளுக்கும் கயிறும் பயிற்சியும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் எவரெஸ்ட் ஏறினால்தான் மலையில் கால் வைக்க உரிமை என்றால் அது உரிமையே இல்லை. மற்றவர் பிள்ளை கிடாரை மோசமாக வாசித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. நம் பிள்ளைக்கும் மோசமாக வாசிக்கும் உரிமை வேண்டும்.

சாதனை செய்தாலும் சாதி விடாது என்பதற்குப் பல்வங்கர் பாலூ போதும். புனேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மைதானத்தில் வேலைக்காரராக இருந்து, வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே கற்றவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு அவருடைய பந்து வேண்டியிருந்தது. தேநீரை மட்டும் வெளியே, தனி மண்குவளையில் கொடுத்தார்கள். இன்றைய ஓட்டக் குழுக்களிலும் மலையேற்றக் குழுக்களிலும் மண்குவளை இல்லை. ‘எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’ என்ற விசாரிப்பு இருக்கிறது. அப்படிக் கேட்கும் குழுவில் தலைகுனிந்து நிற்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து சொந்தக் குழு தொடங்குங்கள்.

ரோகித் வெமுலாவை நாம் ஒவ்வொரு ஜனவரி 17 அன்றும் நினைக்கிறோம். அவர் அம்பேத்கர் மாணவர் சங்கத்தின் போராளி. கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவரும் அவரே. நட்சத்திரங்களை நேசித்தவர். சுவரொட்டியில் போராளியை மட்டும் ஒட்டிவிட்டு நட்சத்திரங்களைக் கிழித்துப் போட்டால், அவரைக் கொன்ற சமூகம் செய்த பாதியை நாமும் செய்கிறோம்.

ஆகவே கோரிக்கைகளையும் தெளிவாக வைப்போம். ஆதிதிராவிடர் நல விடுதி என்றால் சோறும் கட்டிலும் மட்டுமா? ஒவ்வொரு விடுதிக்கும் பூட்டாத நூலகம், ஓடத்தக்க மைதானம், ஒரு தொலைநோக்கி, சில பைனாகுலர்கள், சதுரங்கப் பலகைகள், கருவிகள் உள்ள ஒரு அறை வேண்டும். மாணவியர் விடுதிக்கு முதலில் வேண்டும். இவற்றைச் சலுகையாகக் கேட்கவில்லை. கழிப்பறைக்கும் குடிநீருக்கும் மனு எழுதும் அதே தாளில் இதையும் எழுதுங்கள்.

இயக்கத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த வாசகர் வட்டத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தன் கிறுக்கைப் பற்றிப் பேசட்டும். தபால்தலையோ, தவளையோ, பழைய சினிமாப் பாட்டுப் புத்தகமோ, எதுவானாலும் சரி. ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?’ என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

கரட்டில் ஓடும் தம்பிக்கும் ஒன்று சொல்கிறோம். ‘உனக்கெதுக்குடா இதெல்லாம்?’ என்று அடுத்த முறை கேட்டால், காரணம் தேடித் தடுமாறாதே. ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு ஓடு.

ஜெய்பீம்.