தராசும் கணினியும் பேசட்டும்!

போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய்தான். ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையமும் அங்கே உண்டு. விலை கணினியில் ஓடும் ஊரில், எடையைக் கண்ணால் பார்த்துக் கையால் டைப் செய்தால் என்ன ஆகும்? 12.54 கிலோ 12.45 ஆனால், விவசாயிக்கு 90 கிராம் போச்சு! எடையளவுத் துறையின் முத்திரை தராசுக்குத்தான், டைப் செய்யும் விரலுக்கு இல்லை.

பல எலக்ட்ரானிக் தராசுகளில் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் இருக்கும். 1960-ல் வந்த தரம் அது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் முதல் சீரியல் போர்ட்டின் பெயர் பொதுவாக டிடிஒய்எஸ்0. யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டால் டிடிஒய்யுஎஸ்பி0. எஸ்டிடிஒய் என்ற கட்டளையில் வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கையும் தராசில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். தராசு 9600-ல் பேச, கணினி 2400-ல் கேட்டால் குப்பைதான் வரும். டெபியன், உபுண்டுவில் பயனரை 'டயல்அவுட்' குழுவிலும் சேர்க்க வேண்டும்.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த நான்கு விவரமும் விற்றவரிடமே தங்கிவிட்டால், மென்பொருள் மாற்றும்போதெல்லாம் அவரைத்தான் தேட வேண்டும். தராசு வாங்கும்போதே பில்லோடு எழுதி வாங்கி, தராசிலேயே ஒட்டி வைப்பது நல்லது. காமர்ஸ் புத்தகத்தில் கணக்கு வவுச்சரில் தொடங்கும். ஏலக்காய்க் கடையில் அது தராசுத் தட்டிலேயே தொடங்கிவிடுகிறது.